ஜெய்னாவின் அம்மாவுக்கு என்ன கோபம்: முன்கதை தேடி வார்கிராஃப்ட் 3 ஆடியவன் எழுதுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனக்குப் பழைய சாமான் கடை. 2021 ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தது. இன்ஜினியரிங் படிக்கும் தங்கச்சி மகன் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். "சும்மாதானே இருக்கீங்க மாமா, இருபதாவது லெவல் வரைக்கும் காசே கிடையாது, வாங்க" என்று வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டத்தில் எனக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்தான்.

முதலில் ஒரு தீவு. நடக்க, அடிக்க, வாங்க, விற்க எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பத்தாவது லெவல் வந்ததும் ஸ்டார்ம்விண்ட் என்ற பெரிய நகரம், அங்கிருந்து நேரே கப்பல். அந்தச் சமயத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரையும் 2018-ல் வந்த 'பேட்டில் ஃபார் அஸெராத்' கதைக்குள்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் என்னோடு வெள்ளை முடியோடு ஒரு பெண், கையில் மந்திரக்கோல். பெயர் ஜெய்னா ப்ரௌட்மூர். போரலஸ் துறைமுகத்தில் இறங்கினோம். அது அவள் பிறந்த ஊர். அரண்மனையில் ஆட்சி செய்கிறவள் அவளைப் பெற்ற அம்மா கேத்தரின். எத்தனையோ வருஷம் கழித்து வாசல் ஏறி வந்த மகளிடம் அந்த அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. துரோகி என்று தீர்ப்புச் சொல்லி இழுத்துப்போகச் சொல்லிவிட்டாள். கூடப் போன என்னையும் கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறையில் போட்டார்கள்.

ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினேன். "ஏன்டா, பெத்த மகளை எதுக்கு இந்தம்மா பிடிச்சுக் குடுக்குது?"

"அது பெரிய கதை மாமா. அதெல்லாம் 2003-லயே நடந்துருச்சு."

2018-ல் வந்த கதையில் ஓர் அம்மா கோபப்படுகிறாள், அந்தக் கோபத்துக்குக் காரணம் பதினைந்து வருஷம் முந்தைய வேறொரு ஆட்டத்தில் இருக்கிறது. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. என் பிழைப்பு அப்படி. கடைக்கு ஒரு எனாமல் தூக்குச்சட்டி வந்தால் முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பேன். செக்கோஸ்லோவாக்கியா என்றோ ஸ்வீடன் என்றோ முத்திரை இருக்கும். அப்புறம் பக்கவாட்டில் வெட்டியிருக்கும் விலாசம், அதாவது அந்தச் செட்டியார் வீட்டு முதலெழுத்துகள். முத்திரையும் விலாசமும் தெரிந்தால் சட்டி எந்தக் கப்பலில் வந்தது, எந்த வளவில் எத்தனை புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு பிரிந்தபோது வெளியே வந்தது என்று கேட்டுக்கேட்டுப் பிடித்துவிடலாம். அது தெரியாவிட்டால் எடைக்குத்தான் போகும். இந்த ஊரில் ஆளையே அப்படித்தான் விசாரிப்பார்கள். இரண்டு நகரத்தார் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் கோயில், அதாவது எந்தப் பிரிவு, என்று கேட்ட பிறகுதான் மற்றப் பேச்சு. ஜெய்னா எந்தக் கோயில் என்று தெரியாமல் அவளோடு நான் கப்பல் ஏறிவிட்டேன்.

இந்த மதிப்புரை, நாலு வருஷமாக அந்த முன்கதையைப் பிடிக்க நான் போன வழிகளைப் பற்றியது. முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் அந்தப் பழைய ஆட்டமான வார்கிராஃப்ட் 3-ஐ வாங்குங்கள். இப்போது அது 'ரீஃபோர்ஜ்டு' என்ற பெயரில் கிடைக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் கதை அதற்குள்ளேதான் வேர் விட்டிருக்கிறது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். யூடியூபில் கதைச் சுருக்கம். மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று பொறுமையாகச் செய்திருக்கிறார்கள், உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் உலகம் உண்டான நாளிலிருந்து தொடங்குகிறார்கள். டைட்டன்கள், பழைய தெய்வங்கள், டிராகன் குலங்கள் என்று ஒரு மணி நேரம் ஓடின பிறகும் மனுஷ முகம் ஒன்றுகூட வரவில்லை. பெயர்கள் காதில் விழுந்து விழுந்து போயின. ஆர்தஸ் என்ற இளவரசன் ஒரு நகரத்தையே கொன்றான் என்று ஒரு வரி வந்தது. கேட்டேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்த வரி எத்தனை கனம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் க்ரோமி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்குள்ளேயே, ஸ்டார்ம்விண்டிலும் ஆர்க்ரிமார் என்ற இன்னொரு நகரத்திலும் நிற்கிறாள். பார்க்கக் குள்ளப் பெண், உண்மையில் காலத்தைக் காக்கும் வெண்கல டிராகன். அவளிடம் பேசினால் பழைய விரிவாக்கம், அதாவது ஆட்டத்தோடு பின்னால் சேர்த்த கதைப் பகுதி, எதற்கு வேண்டுமானாலும் அனுப்பிவைப்பாள். 2007-ன் பர்னிங் க்ரூசேட், 2008-ன் ராத் ஆஃப் த லிச் கிங் என்று பட்டியல் நீளும். 2020 கடைசியில் கொண்டுவந்த வசதி இது. நல்ல யோசனைதான். ஆனால் முன்கதை தேடுகிறவனுக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. நான் ஆடியபோது ஐம்பதாவது லெவலைத் தொட்டதும் அந்தக் காலம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். கதை பாதியில் நின்றது. இரண்டாவது, 2010-ல் கேடக்ளிசம் வந்தபோது 2004-ன் பழைய நிலப்பரப்பையும் அதிலிருந்த வேலைகளையும் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். தொடக்கத்துக்குத் திரும்பு என்றால் தொடக்கம் அங்கே இல்லை. எப்படி இருந்தாலும் க்ரோமியால் 2004-க்கு முன்னால் போக முடியாது. என் கேள்வியின் பதிலோ 2003-ல் இருக்கிறது.

சரி என்று வார்கிராஃப்ட் 3-க்கு வந்தேன். மூல ஆட்டம் 2002 ஜூலையில் வந்தது, அதன் தொடர்ச்சியான 'ஃப்ரோசன் த்ரோன்' 2003 ஜூலையில். இரண்டையும் சேர்த்துப் புது உருவம் கொடுத்து 2020 ஜனவரியில் ரீஃபோர்ஜ்டு என்று வெளியிட்டார்கள், விலை 30 டாலர். வந்த வாரமே பெரிய சண்டை. முன்னால் காட்டிய காட்சிகள் உள்ளே இல்லை, பழைய ஆட்டத்தில் இருந்த வசதிகள் சில காணோம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். மெட்டாக்ரிட்டிக் என்ற மதிப்புரைத் தளத்தில் பயனர் மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. நிறுவனம் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதெல்லாம் படித்துவிட்டு நானும் தயங்கினேன். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பகுதி இணையத்தில் ஒருவரோடு ஒருவர் மோதி ஆடுகிறவர்களுடையது. கதைக்காகத் தனியாக ஆடுகிறவனுக்கு உள்ளே முழுக் கதையும் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒரு பெரிய திருத்தமும் வந்தது.

இறக்குவதற்குக் கிட்டத்தட்ட 30 ஜிபி. எங்கள் தெருவுக்கு இணைய இணைப்புக் கொடுக்கிறவர்கள் புண்ணியத்தில் இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. லேப்டாப் சூடு தாங்காமல் அணைந்துகொண்டே இருந்ததால் மேசையை விட்டு இறங்கி, பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்துத்தான் ஆடினேன். சித்திரை வெயிலிலும் அந்தத் தரை குளிர்ந்து கிடக்கும். பழைய படம், புதுப் படம் என்று அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். முகங்கள் புதியதில் அழகு, போர்க்களம் பழையதில் தெளிவு. கண்ணாடி போட்டவர்கள் பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களும் வேண்டுமா என்று கேட்பீர்கள். 1994-ல் முதலாவது, 1995-ல் இரண்டாவது. 2024 நவம்பரில் இரண்டையும் துடைத்து மெருகேற்றி மறுபடி விட்டிருக்கிறார்கள். அவற்றில் கதை என்பது ஒவ்வொரு போருக்கு முன்னும் வாசிக்கும் நாலு வரிதான். வேறு உலகத்திலிருந்து ஓர் இருட்டு வாசல் வழியாக ஆர்க் இனத்தார் வந்தார்கள், ஸ்டார்ம்விண்ட் விழுந்தது, தப்பியவர்கள் கடல் கடந்து வடக்கே லார்டெரானுக்குப் போய்க் கூட்டணி கட்டி ஜெயித்தார்கள், தோற்ற ஆர்க்குகளை முகாமில் அடைத்தார்கள். இது தெரிந்தால் போதும். இன்னொரு பெயரையும் மனத்தில் வையுங்கள்: மெடிவ். அந்த இருட்டு வாசலைத் திறந்துவிட்ட மந்திரவாதி. மூன்றாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் காக்கை உருவில் ஒருவர் வந்து வரப்போகும் ஆபத்தைச் சொல்கிறார், லார்டெரான் மன்னர் கேட்கவில்லை. அவர் யார் என்று கடைசியில் தெரியும்போது இந்தப் பெயர் தெரிந்தவர்களுக்கு நெஞ்சில் தைக்கும்.

இப்போது மூன்றாவது. மனிதர்கள், பிணப்படை, ஆர்க், இரவு எல்ஃப் என்று நான்கு பகுதிகள். ஒன்பது, எட்டு, எட்டு, ஏழு என்று மொத்தம் 32 போர்கள். மேலேயிருந்து பார்த்து வீடு கட்டி, படை திரட்டி ஆடும் வகை. எளிதான நிலை ஒன்று இருக்கிறது, கூச்சப்படாமல் அதை வைத்துக்கொள்ளுங்கள். நாம் வந்தது கதைக்கு.

மனிதர்கள் பகுதியில் நீங்கள்தான் ஆர்தஸ். லார்டெரான் மன்னர் டெரெனஸின் ஒரே மகன், நல்ல பிள்ளை. ஊர்களைக் கொள்ளையரிடமிருந்து காப்பாற்றுகிறான். சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஜெய்னா துணைக்கு வருகிறாள். ஆமாம், என் ஜெய்னாதான், பொன் முடியோடு, சிரித்துப் பேசிக்கொண்டு. அவளை அந்த வயதில் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வடக்கே ஊர் ஊராக ஒரு நோய் பரவுகிறது. இருவரும் விசாரித்துக்கொண்டே போகிறார்கள். நோய் தானியத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. தானியம் எங்கிருந்து வருகிறது? ஒரு களஞ்சியத்தில் கிடக்கும் பெட்டிகளைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆண்டோர்ஹால் என்ற ஊரின் முத்திரை.

அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, பெட்டியின் மேல் கொஞ்ச நேரம் பார்வையை வைத்திருந்தேன். இருபது வருஷமாக நான் செய்யும் வேலை அது. முத்திரையைப் பார்த்து ஊரைப் பிடிப்பது. எனக்கு அது ஒரு சட்டியின் விலையைச் சொல்கிறது. அவர்களுக்கு ஒரு நாடே செத்துக்கொண்டிருக்கும் காரணத்தைச் சொல்கிறது. ஆண்டோர்ஹாலுக்கு ஓடுகிறார்கள். தாமதமாகிவிட்டது, தானியம் ஏற்கெனவே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆறாவது போர் ஸ்ட்ராத்தோம். அந்தப் பெரிய நகரத்து ஜனம் முழுக்க அந்த மாவைத் தின்றிருக்கிறார்கள். இன்னும் பிணமாக மாறவில்லை, ஆனால் மாறுவார்கள். ஊரையே அழித்துவிட வேண்டும் என்கிறான் ஆர்தஸ். அவனுக்குக் குருவாக இருந்து வளர்த்த ஊதர் முடியாது என்கிறார். அவரைப் பதவியிலிருந்து நீக்கி அனுப்புகிறான். ஜெய்னா இதைப் பார்க்க என்னால் ஆகாது என்று திரும்பி நடக்கிறாள். அவள் போவதைக் கேமரா காட்டுகிறது. அப்புறம் ஆட்டம் உங்கள் கைக்கு வருகிறது.

இதுதான் நான் சொல்ல வந்த இடம். யூடியூபில் ஒரு வரியாகக் கேட்டேன் என்றேனே, அது இங்கே என் விரலுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக நான்தான் இடிக்க வேண்டும். இடித்தால் உள்ளிருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள். இன்னொரு பக்கம் மால்கானிஸ் என்ற பேய் அதே வீடுகளுக்குள் புகுந்து அவர்களைத் தன் படைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. திரையில் இரண்டு எண்கள் ஏறுகின்றன, உன் கணக்கு, அவன் கணக்கு. அவன் நூறு எடுப்பதற்குள் நீ நூறு எடுக்க வேண்டும். முதல் ஐந்து வீடு வரை கை தயங்கியது. அவன் எண் என்னை முந்தியதும் தயக்கம் போய்விட்டது. அடுத்த வீடு எங்கே, அடுத்த வீடு எங்கே என்று தேட ஆரம்பித்தேன். ஜெயித்த பிறகுதான் நான் என்ன தேடிக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. ஆர்தஸ் எப்படிக் கெட்டான் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று ராத்திரி மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் இன்னொன்று சொன்னான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் இதே ஸ்ட்ராத்தோமுக்குப் போகலாம். பாலைவனத்தில் இருக்கும் காலக் குகைகள் வழியாக, ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு நிலவறை அது. அங்கேயும் க்ரோமிதான் நிற்கிறாள். கையில் ஒரு கருவியைக் கொடுத்து, ஐந்து தானியப் பெட்டிகளைச் சோதித்துக் காட்டச் சொல்கிறாள். நடந்தது நடந்தபடியே நடக்க வேண்டும், அதைத் தடுக்க வருகிறவர்களிடமிருந்து ஆர்தஸை நாம் காப்பாற்ற வேண்டும், இதுதான் வேலை. வார்கிராஃப்ட் 3 ஆடாத மூன்று பேர் எங்களோடு வந்தார்கள். ஊதரும் ஜெய்னாவும் விலகிப் போகும் காட்சியை எல்லோரும் தாண்டி ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நின்று பார்த்தேன். ஒருவர் "என்ன சார், நெட் போச்சா?" என்று எழுதினார்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். மால்கானிஸைத் துரத்திக்கொண்டு ஆர்தஸ் பனி நாடான நார்த்ரெண்டுக்குப் போகிறான். அரசர் படையைத் திரும்பக் கூப்பிடுகிறார். ஆர்தஸோ கூலிப்படையை வைத்துத் தன் கப்பல்களைத் தானே எரித்துவிட்டு, பழியை அந்தக் கூலிக்காரர்கள் மேலேயே போடுகிறான். ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற வாள் இருக்கும் மேடையில் எழுதியிருப்பதை நண்பன் முராடின் படித்து, இது சாபம் பிடித்தது, தொடாதே என்கிறான். அதைக் கேட்ட பிறகும் ஆர்தஸ் எடுக்கிறான். ஊருக்குத் திரும்பும்போது மணி அடிக்கிறார்கள், ரோஜா இதழ் தூவுகிறார்கள். அப்பாவின் முன் மண்டியிட்டு எழுந்து, குத்துகிறான். கிரீடம் தரையில் உருண்டு போகிறது.

அடுத்த பகுதியிலும் நீங்கள் ஆர்தஸ்தான், இப்போது பிணப்படைத் தலைவனாக. இதில் ஒரு காட்சி என்னை விடவே இல்லை. கெல்துசாத் என்ற செத்த மந்திரவாதியின் உடலை எடுத்துப்போக ஒரு கலசம் வேண்டும். அந்தக் கலசம் ஊதரின் காவலில் இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டே கிட்டே போகும்போதுதான் தெரிகிறது, அதில் இருப்பது டெரெனஸ் மன்னரின் அஸ்தி. அப்பாவின் அஸ்திக் கலசம். உன் தகப்பன் அத்தனை வருஷம் ஆண்ட மண்ணைச் சில நாளில் தூளாக்கிவிட்டாயே என்று ஊதர் கேட்கிறார். அவரையும் கொன்றுவிட்டுக் கலசத்தை எடுத்துப்போகிறான். எங்கள் அப்பாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்கும்வரை இரண்டு நாள் நான் மடியிலேயே வைத்திருந்தேன், பஸ்ஸில்கூடக் கீழே வைக்கவில்லை. அந்தப் போரை முடித்துவிட்டு நாலு நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை 2019-லிருந்து 'க்ளாசிக்' என்று தனியாக நடத்துகிறார்கள், அதே மாதச் சந்தாவில் அதற்கும் போகலாம். பிணக்குலத்து ஆளாக அதில் ஒரு பாத்திரம் தொடங்கினேன். அவர்களுடைய தலைநகரம் இடிந்த லார்டெரானுக்கு அடியில் இருக்கிறது. கீழே இறங்க லிஃப்ட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பழைய அரண்மனை. எல்லோரும் குதிரையில் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் இறங்கி நடந்தேன். நுழைவுக்கூடத்தில் தரையில் வாடிப்போன இதழ்கள். சிம்மாசன அறையில் கறுத்துப்போன ஒரு ரத்தத் தடம், கிரீடம் உருண்ட பக்கமாக. மருமகன், "சத்தத்தைக் கூட்டுங்க மாமா" என்றான். பாட்டை நிறுத்தி சத்தத்தைக் கூட்டினேன். எங்கோ தூரத்தில் மணி, ஜனங்களின் ஆரவாரம், அப்புறம் மிக லேசாக ஓர் அப்பாவும் மகனும் பேசும் குரல். அங்கே எந்த அறிவிப்பும் இல்லை, அம்புக்குறி இல்லை. கதை தெரியாதவனுக்கு அது வெறும் வழி.

தேவகோட்டைப் பக்கம் இடிக்கப்போகிற ஒரு வளவில் சாமான் எடுக்கப் போகும்போது எனக்கு அதே மாதிரி இருக்கும். பர்மா தேக்குத் தூண் எத்தனை, கதவு எத்தனை என்று கூட வந்தவர்கள் எண்ணுவார்கள். நான் கல்யாணக் கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆர்க்குகளின் பகுதியில் த்ரால் நாயகன். அடிமையாக வளர்க்கப்பட்டவன், பெயருக்கே அடிமை என்றுதான் அர்த்தம். தன் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து போய்ப் புது நாடு அமைக்கிறான். அந்த நாட்டுக்கு டுரோடார் என்று பெயர் வைக்கிறான், இறந்த அப்பா டுரோட்டனின் பெயர். பேரனுக்கு ஐயா பெயரை வைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் நண்பன் க்ரோம் பேயின் ரத்தத்தைக் குடித்து மதிகெட்டு, கடைசியில் அந்தப் பேயையே வெட்டிக் கொன்று தானும் சாகிறான். ஆர்க்குகளின் பழைய சாபம் அன்றோடு தீர்கிறது. இரவு எல்ஃப் பகுதி நீளம் குறைவு, எனக்கு மனத்தில் அதிகம் ஒட்டவில்லை. ஆனால் ஜெய்னாவும் த்ராலும் ஒரே பக்கம் நின்று சண்டை போடும் முடிவு அங்கேதான் வருகிறது, தவறவிட முடியாது.

ஃப்ரோசன் த்ரோனில் ஆர்தஸ் பனிச் சிகரத்தின் உச்சிக்கு ஏறி, பிணப்படைக்கெல்லாம் அரசனான லிச் கிங்கின் தலைக்கவசத்தைத் தன் தலையில் வைக்கிறான். 2003-ல் அங்கே நிறுத்திய கதையை 2008-ல் தொடங்கிய ராத் ஆஃப் த லிச் கிங்கில், அதுவும் 2009 டிசம்பரில் வந்த கடைசிக் கோட்டையில்தான் முடித்தார்கள். அவன் செத்ததும் அந்தக் கிரீடத்தை யாராவது சுமந்தாக வேண்டும் என்று போல்வார் என்ற தளபதி தானே முன்வந்து ஏற்கிறான். இதையும் தெரிந்துகொண்ட பிறகுதான் போரலஸில் எனக்கு ஊரைச் சுற்றிக்காட்டிய டேலியா என்ற பெண் யார் என்று புரிந்தது. போல்வாரின் மகள். அப்பா செத்துப்போனார் என்று நினைத்து வளர்ந்தவள். முதல் தடவை அவளோடு கடைத்தெருவில் நடந்தபோது நான் மேலே கூரைகளையும் கொடிகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஃப்ரோசன் த்ரோனோடு சேர்ந்து ஒரு கூடுதல் பகுதி இருக்கிறது, டுரோடார் உருவான கதை. பலர் இதை விட்டுவிடுவார்கள், தயவுசெய்து விடாதீர்கள். இதில் படை கட்டும் வேலை மிகக் குறைவு. ரெக்ஸார் என்ற வேட்டைக்காரனாக ஊர் ஊராகச் சுற்றி, சொல்லும் வேலையைச் செய்து முடிக்க வேண்டும். பின்னால் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை ஆடியவர்களுக்கு கை உடனே பழகிவிடும். த்ராலும் ஜெய்னாவும் சமாதானமாக இருக்கிறார்கள். ஜெய்னா தெராமோர் என்ற ஊரைக் கட்டியிருக்கிறாள். அப்போது கடல் கடந்து ஒரு கப்பற்படை வருகிறது. தலைவர் டேலின் ப்ரௌட்மூர், ஜெய்னாவின் அப்பா. ஆர்க்குகளை அழித்தே தீருவேன் என்கிறார். சமாதானம் ஆகிவிட்டது அப்பா என்று மகள் சொல்வதை அவர் காதில் வாங்கவில்லை. மகள் கட்டிய ஊரையே தன் படைத்தளமாக எடுத்துக்கொள்கிறார்.

ஜெய்னா நடுவில் நிற்கிறாள். அப்பா ஒரு பக்கம், கொடுத்த வாக்கு ஒரு பக்கம். கடைசியில் த்ராலின் படையை அவள் தடுக்கவில்லை, தன் வீரர்களை முடிந்தவரை விட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறாள். தெராமோரின் உள்ளே புகுந்து டேலினைக் கொல்கிறவன் ரெக்ஸார். அதாவது நான். பெரிய போர்தான், அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் விழுந்ததும் ஜெய்னா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்பா கேட்கவில்லை என்கிறாள்.

மருமகனிடம் போய், "அப்ப இதான் அந்தம்மாவுக்குக் கோபமா?" என்றேன். "இது மட்டும் இல்ல மாமா. ஜெய்னாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான், டெரிக்னு. இரண்டாவது போர்ல ஆர்க்குங்க ஓட்டிட்டு வந்த டிராகன் அவன் கப்பலோட எரிச்சிருச்சு." மகனையும் ஆர்க்குகளிடம் பறிகொடுத்தவள். புருஷனையும் அவர்களிடமே பறிகொடுத்தவள். இரண்டாவது தடவை அதைத் தடுக்காமல் நின்றவள் சொந்த மகள்.

செலவு விஷயம். வார்கிராஃப்ட் 3-க்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு மாதாமாதம் சந்தா, ஆனால் சந்தா கட்டினால் மிகப் புதிய விரிவாக்கம் தவிர மற்ற எல்லாம் அதிலேயே அடக்கம், தனித்தனியாக வாங்க வேண்டாம். வேலை, குடும்பம் உள்ளவர்களுக்கு என் யோசனை: சந்தாவை முதலில் கட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதம் எடுத்து, வார்கிராஃப்ட் 3-ஐ வரிசை மாறாமல், காட்சிகளைத் தாண்டாமல் முடியுங்கள். அதன் பிறகு க்ரோமியிடம் போய் ராத் ஆஃப் த லிச் கிங்கை எடுங்கள், அதன் பின் மற்றது. எனக்கு எல்லாவற்றையும் முடிக்க வருஷங்கள் ஆயின, கடை திறந்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நேரம். இன்னொன்று, தமிழில் எதுவும் இல்லை, நான் ஆடியது ஆங்கிலத்தில். எழுத்தும் திரையில் ஓடுவதால் எனக்குச் சிரமம் இல்லை. புரியாத இடத்தில் மருமகனைக் கேட்டேன். கேட்க ஆள் இல்லாதவர்கள் காட்சி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கு மகன் என்று மரம் போட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் மருமகன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தான், இப்போது வேலைக்குப் போகிறான். இரண்டு பேரும் பட்டாலையில் உட்கார்ந்து புதிதாக ஓர் ஆளைத் தொடங்கி, க்ரோமியிடம் சொல்லி மறுபடி அதே கப்பலில் ஏறினோம். கப்பலில் ஜெய்னா நின்றாள். அந்த வெள்ளை முடிக்குக் கீழே பொன் முடிக்காரி எனக்குத் தெரிந்தாள். போரலஸில் ஒரு பெரிய வாசலுக்கு டேலின் வாசல் என்று பெயர் போட்டிருக்கிறது. போன தடவை வரைபடத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை. அரண்மனைக்குள் போனோம். தங்கச்சி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் இந்தக் கதை முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இரு ஆத்தா, இந்தம்மா பேசப்போகுது" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.